உபயம்: சேவுகப்பெருமாள் சவுண்ட் சர்வீஸ்

“மேற்படி நபர் முன்விரோதம் காரணமாக, குடிபோதையில், பள்ளி வளாகத்துக்குள் அத்துமீறி நுழைந்து, மாணவ மாணவியர் முன்னிலையில் கூச்சலிட்டு, பள்ளிக்குச் சொந்தமான ஒலிபெருக்கி உள்ளிட்ட பொருட்களை அபகரித்துச் சென்று, பொது அமைதிக்குப் பங்கம் விளைவித்துள்ளார்.”

காரைக்குடியில் ஒரு காவல் நிலையத்தில், ஒரு தனியார் தொடக்கப் பள்ளியின் தாளாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புகாரில் இருந்த வாக்கியம் இது. மேற்படி நபரான சேவுகப்பெருமாள் குடிப்பதில்லை. திருவிழாக்களில் மற்றவர்கள் குடித்துவிட்டு மைக்கைப் பிடித்துக்கொள்ளும்போது அதைத் திரும்ப வாங்கும் வேலை அவருடையது. யாராவது ஒருவர் நிதானமாக இருந்தாக வேண்டும். முன்விரோதமும் கிடையாது. அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் அவருக்கு இருந்தது மரியாதை. எல்லாக் கெடுதலும் அதிலிருந்துதான் தொடங்கியது. அத்துமீறி நுழையவும் இல்லை. வாட்ச்மேன் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டு, “ஏணியைப் பிடிக்கட்டுமாண்ணே?” என்று கேட்டார். கூச்சலிட்டது யார் என்பதைப் பிறகு பார்க்கலாம். அந்த நீண்ட வாக்கியத்தில் தகராறில்லாமல் ஒப்புக்கொள்ளக்கூடிய சொல் ‘நபர்’ ஒன்றுதான்.

அந்த நபருக்குச் சொந்த ஊர் சிங்கம்புணரிப் பக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பு கசந்துபோய், மாமா ஒருவரின் மைக் செட்டில் வயர் இழுக்கப் போனார். பிறகு காரைக்குடியில் தனிக்கடை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கிடாவெட்டு, கட்சிக் கூட்டம், கடைசியில் இழவு என்று மனிதன் பிறந்து சாகிறவரை அவனுக்கு வேண்டிய சத்தத்தை வாடகைக்கு விடுவது தொழில். புளியமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு இறங்கினால், அடுத்த ஊர்க்காரன் எழுந்து உட்கார வேண்டும். அதுதான் தொழில் சுத்தம். இத்தனை வருஷத்தில் அவருடைய இடது காது பாதிக்கு மேல் போய்விட்டது. மைக் செட்டுக்காரர்கள் யாரும் இதை ஒரு குறையாகச் சொல்வதில்லை. “பழகிருச்சு” என்பார்கள். செவிடாகிப் போவதற்கு அந்தத் தொழிலில் வைத்திருக்கும் பெயர் அது.

அவருடைய ஒரே மகள் சௌபர்ணிகாவுக்குச் சத்தம் ஆகாது. கடவுள் எங்கோ உட்கார்ந்து சீட்டுக் குலுக்கிப் போட்டாரோ என்னவோ, ஊருக்கே சத்தம் விற்கிறவர் வீட்டைத் தேடி அந்தப் பிள்ளையை அனுப்பியிருந்தார்.

குக்கர் விசிலுக்கு முகம் வெளிறிப் போகும். மிக்ஸியை எடுத்தாலே, ஓடவிடுவதற்கு முன்பே, வாசலுக்கு ஓடிவிடுவாள். சத்தம் மட்டும் என்றாலும் பரவாயில்லை. சட்டைக் காலரில் தைத்த லேபிள் கழுத்தில் பட்டால் சட்டையையே கழற்றி எறிவாள். சாக்ஸின் விரல் பக்கத்துத் தையலைத் தடவித் தடவி அழுவாள். தலை சீவுவது அந்த வீட்டில் தினசரி யுத்தம். இட்லி கையில் ஒட்டினால் குமட்டும். முறுகலான தோசை மட்டும் இறங்கும். பிடித்தது என்று பார்த்தால் இரண்டே விஷயங்கள். ஒன்று, வாடகை வீட்டின் ஆத்தங்குடிக் கல் தரையில் கன்னத்தை வைத்துக் குப்புறப் படுத்திருப்பது. மற்றது, கடைக்குப் பின்னால் குடோனில் கிடந்த ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி. உள்ளே இருந்த ஸ்பீக்கர் எரிந்துபோய்க் கழற்றிய காலிப் பெட்டி அது. அதற்குள் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பிள்ளை இருக்கிற இடமே தெரியாது. ஊரிலேயே பெரிய சத்தம் போட்ட பெட்டி, ஊமையான பிறகு அவளுக்கு உகந்த இடமாகிவிட்டது.

மனைவி சத்தியப்பிரியா மருந்துக்கடையில் பில் போடுகிறவர். பிள்ளைக்கு ஏதோ வலிக்கிறது என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். சேவுகப்பெருமாள் காதில் அது விழவில்லை. எந்தக் காதில் என்பது முக்கியமில்லை.

“அடம் புள்ள. பழகிரும். நான் பழகலையா?”

“நீங்க பழகலைங்க. நீங்க செவிடாப் போனீக.”

சேவுகப்பெருமாளின் அக்கா கருப்பம்மாளிடம் வேறொரு விளக்கம் இருந்தது. பிள்ளைக்கு ஏழு வயதாகியும் காது குத்தவில்லை. ஒருமுறை குலசாமி கோயிலில் மாமன் மடியில் உட்கார வைத்ததும், ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்பே பெண்கள் போட்ட குலவைச் சத்தத்தில் பிள்ளை விறைத்துப்போய், காரியம் அப்படியே நின்றுவிட்டது. பந்தியில் கறிச்சோறு மட்டும் நிற்கவில்லை. “ஓட்டை போட வேண்டிய இடத்துல போடாம விட்டா, போன சத்தம் எங்குட்டு வெளிய வரும்? உள்ளயேதான் சுத்தும்” என்றார் கருப்பம்மாள். வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் இதை யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். பின்னால் வந்த படித்தவர்கள் சொன்ன காரணங்களோடு ஒப்பிட்டால், கருப்பம்மாள் கொஞ்சமாவது யோசித்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி பள்ளிக்கூடம். அது நடந்தது ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டில். சொந்தக்காரர்கள் வெளிநாட்டில், வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார்கள். நடுவில் முற்றம், சுற்றி வளவு என்கிற தூண் வைத்த தாழ்வாரம், வளவைச் சுற்றி வகுப்பறைகளாகிப்போன அறைகள். பளிங்குபோல் இழைத்த சுவர், கல் தூண், உயரமான கூரை. ஒரு டம்ளர் கீழே விழுந்தால் எல்லா வகுப்பும் திரும்பிப் பார்க்கும். நாயனச் சத்தம் வீட்டை நிறைக்க வேண்டும் என்று கட்டியவர்கள், நாளைக்கு இங்கே பிள்ளைகளை அடைப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மகளைச் சேர்க்கப் போனபோது தாளாளர் நாராயண் சிரித்த முகமாக, “பள்ளிக்கூட வளர்ச்சிக்கு உங்களால என்ன முடியுமோ” என்று இழுத்தார். சேவுகப்பெருமாளால் என்ன முடியும்? நான்கு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், மைக்கு, தானாக மணியடிக்கும் ஒரு சைரன் பெட்டி. தூணும் வாசல் நிலையுமாகப் பார்த்துத் தானே ஏறி மாட்டினார். இந்தப் பக்கத்தில் கோயில் விளக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சு வரை எதுவும் சும்மா கிடைப்பதில்லை; யாராவது ஒருவர் பெயரோடுதான் கிடைக்கும். பெயிண்டரைக் கூப்பிட்டு ஒவ்வொரு குழாயின் விளிம்பிலும் சிவப்பில் எழுத வைத்தார்: உபயம்: சேவுகப்பெருமாள் சவுண்ட் சர்வீஸ்.

முதல் சைரன் மூன்று தெருவுக்குக் கேட்டது. டீச்சர்கள் கைதட்டினார்கள். சௌபர்ணிகா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து மகள் வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, மனிதர் பூரித்துப்போய் வீடு திரும்பினார்.

முதல் வருஷம் எப்படியோ ஓடியது. இரண்டாம் வகுப்பு அறையின் வாசல் நிலைக்கு நேர் மேலே ஒரு குழாய் இருந்தது. பிள்ளை அங்கே போனதும் புகார்கள் வர ஆரம்பித்தன. பாடம் கவனிப்பதில்லை, மணியடிக்கப் போகிறது என்று காத்திருந்தே பாதி நேரம் போகிறது, மணியடித்தால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறாள், கையைக் காதிலிருந்து எடுப்பதே இல்லை.

“கையை எடுத்துவிடுங்க டீச்சர்” என்றார் சேவுகப்பெருமாள். “கொஞ்சம் கெட்டியாப் புடிச்சுக்கங்க. நாலு நாள் அழுகும், அப்புறம் பழகிரும்.”

சொன்னதோடு நிற்கவில்லை, தானும் செய்து காட்டினார். ஊர்ப்பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு மகளைக் கூட்டிப்போய், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் மடியில் உட்கார வைத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிள்ளை அலறியது. மேலே குழாய் அதைவிடப் பெரிதாக அலறியதால் யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அலறல் நின்றது. சேவுகப்பெருமாள் வெற்றிக் களிப்போடு மனைவிக்குப் போன் போட்டார். “பாத்தியா? பழகிருச்சு. பேசாம உக்காந்திருக்கு.”

பேசாமல்தான் உட்கார்ந்திருந்தாள். கண் எங்கோ நிலைகுத்தி நின்றது. வண்டியில் வரும்போது இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு பல நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. காலிப் பெட்டிக்குள் போனவளை வெளியே எடுக்கச் சத்தியப்பிரியா பெட்டிக்கு முன்னால் தரையிலேயே தட்டு வைத்துச் சோறு ஊட்டினார். புருஷனிடம் அவரும் பேசவில்லை. பழகிப்போவதற்கும் அடங்கிப்போவதற்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாத ஒரு மனிதர், ஆளுக்கு ஒரு மூலையில் இரண்டு ஊமைகள் இருந்த வீட்டில், பாத்திரத்தை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டு நடமாடினார்.

அரசு நடத்திய மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான முகாமுக்குச் சத்தியப்பிரியாதான் பிடிவாதமாக இழுத்துப் போனார். “எம் மகளுக்கு என்ன குறை? கை இல்லையா, கால் இல்லையா?” என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே போனார் சேவுகப்பெருமாள். அங்கே இருந்த சிறப்பாசிரியை அஜீஸா, பிள்ளையைத் தொடவில்லை, பெயர் கேட்கவில்லை, கன்னத்தைக் கிள்ளவில்லை. கொஞ்ச தூரம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, சுருட்டி வைத்திருந்த கனமான மெத்தை ஒன்றை அவள் பக்கம் உருட்டிவிட்டார். சௌபர்ணிகா அதன் கீழே புகுந்து படுத்துக்கொண்டாள்.

“எம்புட்டு நாளா காதைப் பொத்துறா?”

“பொறந்ததுல இருந்தே” என்றார் சத்தியப்பிரியா.

“எல்லாம் பழகிரும் டீச்சர்” என்றார் சேவுகப்பெருமாள்.

அஜீஸா நிமிர்ந்தார். “அண்ணனுக்கு என்ன தொழில்?”

சொன்னார்.

“யா அல்லா!” அஜீஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். “அண்ணே, கண்ணுல மொளகாப் பொடி விழுந்தா எரியுமா?”

“எரியும்.”

“தெனம் ஒரு சிட்டிகை தூவுனா பழகுமா?”

சேவுகப்பெருமாள் மெத்தைக்குக் கீழே கிடந்த மகளைப் பார்த்தார்.

“நமக்குச் சத்தம் காதுல விழுது. இவளுக்கு ஒடம்பு பூரா விழுது. லேபிளு முள்ளு மாதிரி குத்துது. அடமில்லண்ணே, வலி. காதைப் பொத்துறா பாருங்க, அது ஒண்ணுதான் அவ தனக்குத்தானே பாத்துக்கிற வைத்தியம். அந்தக் கையையும் யாராச்சும் புடிச்சு எடுத்துவிட்டா அவ எங்குட்டுப் போவா?”

சத்தியப்பிரியா புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீடு மாறியது. மாறியது என்றால், சண்டை போட்டுக்கொண்டே மாறியது. குக்கர் கொல்லைப்புறத்துக்குப் போனது. “இப்ப விசில் வரப்போகுது” என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றார் அஜீஸா. சொன்னால் பாதி பயம் போய்விட்டது. லேபிள்களைச் சத்தியப்பிரியா கத்தரித்தார். சாக்ஸை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தடித்த ஜமுக்காளத்தில் பிள்ளையை இறுக்கிச் சுருட்டி, மேலே கையால் அழுத்தினால் உடம்பு தளர்ந்து கொட்டாவி விட்டாள். காலிப் பெட்டிக்குள் சேவுகப்பெருமாள் பழைய கம்பளியை ஒட்டிக் கொடுத்தார். மெதுவாகப் பேசத்தான் அவருக்கு வரவில்லை. மெதுவாகப் பேசினால் அவர் பேசுவது அவருக்கே கேட்காது. “நான் பேசுறேனா?” என்று மனைவியிடம் சைகையில் கேட்டுக்கொள்வார். அதைப் பார்த்து மகள் ஒருநாள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவருக்குக் கோபம் வர ஆரம்பித்தது. பாதி தன் மேல். தன் மேல் வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாததால், மீதி பள்ளிக்கூடத்தின் மேல்.

புருஷனும் மனைவியுமாகப் போய்ப் பள்ளிக்கூடத்தில் கேட்டவை மிகச் சின்ன விஷயங்கள். நிலைக்கு மேலே இருக்கும் குழாயை எடுத்துவிடலாம். மணியடிப்பதற்கு முன்னால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். அஜீஸா எழுதித் தந்தபடி காதுமூடி மாட்டிக்கொள்ள விடலாம்.

“காதுமூடி யூனிஃபார்ம்ல வராதே” என்றார் தலைமையாசிரியை. “இன்னைக்கு இவ மாட்டுவா. நாளைக்கு எல்லாரும் மாட்டணும்பாங்க.”

“அந்தா நிக்கிற புள்ள கண்ணாடி போட்டிருக்கு. எல்லாருமா கேக்குறாக?” என்றார் சத்தியப்பிரியா.

“அது வேற, இது வேற.” எது எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை. “கையை எடுத்துவிடச் சொன்னது உங்க ஹஸ்பெண்ட்தான். மாத்தி மாத்திப் பேசினா நாங்க என்ன செய்யறது?”

குழாய் விஷயத்துக்குத் தாளாளர் நாராயணே வந்தார். அவர் கோபப்படும் ரகமில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, தோளில் கைபோடாத குறையாகப் பேசினார். “பெருமாள், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர், என் வீட்டுல தலைவலி, மணியைக் கழற்றுங்கன்னு கேப்பாரா? உபயம் கொடுத்தாச்சு. இப்ப அது பொதுச் சொத்து. நீங்களே இப்படிக் கேக்கலாமா?”

சேவுகப்பெருமாள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். வாதத்தில் தோற்றதனால் அல்ல. அவரும் அதைத்தான் நம்பினார். அவருடைய அப்பா ஊர்க்கோயிலுக்குப் பித்தளை அண்டா ஒன்று கொடுத்தார். பிறகு சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அதை ஒரு வேளை இரவல் கேட்கவில்லை. உபயம் கொடுத்ததில் கைவைத்தால் குடும்பம் விளங்காது என்பது அந்தப் பக்கத்தில் யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மகளுக்கு நேரே மேலே இருக்கும் குழாயை அவர் கழற்றினால் மகளுக்கே ஏதாவது ஆகிவிடும் என்று அவருக்குப் பயம். கழற்றாவிட்டால் என்ன ஆகிறது என்பது தினமும் சாயந்திரம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மத்தியானமே பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. சைரன் ஒலித்தபோது வகுப்பு டீச்சர் வழக்கம்போலப் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்திருக்கிறார். பிள்ளை கடித்துவிட்டாள். டீச்சர் கத்தி, கையை விட்டதும், எழுந்து ஓடி, கேட்டைத் தாண்டி, பேருந்து போகும் ரோட்டில் போய் நின்றிருக்கிறாள். வாட்ச்மேன் அள்ளித் தூக்கி வந்தார். புருஷனும் மனைவியும் போய்ச் சேர்ந்தபோது பாவாடை நனைந்து, அலுவலக அறையின் மேசைக்கு அடியில் இருந்தாள். வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த யாரும் அந்த மேசைக்கு அடியில் குனியவில்லை.

“டி.சி. வாங்கிக்கங்க” என்றார் தலைமையாசிரியை. “இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு வேற ஸ்கூல் இருக்கும். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுருங்க. அதுவரைக்கும் அனுப்ப வேண்டாம்.”

“எந்த மாதிரிப் புள்ள?” என்றார் சேவுகப்பெருமாள். அந்தக் குரல் வளவைச் சுற்றி வந்து அவர் காதிலேயே விழுந்தது. மேசைக்கு அடியில் மகள் காதைப் பொத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் விழுங்கிய வார்த்தைகளை ஒரு குழாய் வழியே விட்டிருந்தால் காளையார்கோவில் வரை கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து பிள்ளையை ஜமுக்காளத்தில் சுருட்டித் தூங்க வைத்த பிறகு, சத்தியப்பிரியா அடிக்குரலில் ஆரம்பித்தார். அவர் சத்தம் போடாமல் திட்டுவதில் தேர்ந்துவிட்டிருந்தார்.

“இப்பக்கூட அந்தக் குழாயைக் கழட்ட ஒங்களுக்குக் கை வரலை.”

“உபயம்டி அது. குடுத்ததை எடுத்தா...”

“எது உபயம்? சாமிக்குக் குடுத்தாத்தான் உபயம். நீங்க குடுத்தது சீட்டுக்கு. அந்த ஆளு பல்லைக் காட்டிக் கேட்டான், நீங்க தூக்கிக் குடுத்தீக. அதுக்குப் பேரு லஞ்சம். லஞ்சத்தைத் திருப்பி எடுத்தா எந்தச் சாமியும் கண்ணைக் குத்தாது.”

சேவுகப்பெருமாள் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையாகக் கொடுத்த ஒன்றை லஞ்சம் என்று சொன்னால் மனிதனுக்குக் கோபம் வர வேண்டும். அவருக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. கோபம் எங்கேயும் போய்விடவில்லை. அது போக வேண்டிய வழி மட்டும் திறந்துவிட்டது.

திங்கட்கிழமை அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனது கையெழுத்துப் போட அல்ல. தோளில் ஏணி.

“ஆம்ப்ளி ரிப்பேராண்ணே?” என்றார் வாட்ச்மேன்.

“ரிப்பேர்தான்.”

தொழில் தெரிந்தவர் என்பதால் முதலில் ஆம்ப்ளிஃபயரின் வயரைப் பிடுங்கினார். பிறகு சைரன் பெட்டியைக் கழற்றினார். பிறகு இரண்டாம் வகுப்பு வாசலில் ஏணியைச் சாத்தி ஏறினார். வாட்ச்மேன் கீழே பிடித்துக்கொண்டார். உள்ளே பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள்.

தலைமையாசிரியை ஓடிவந்தார். “மிஸ்டர் பெருமாள்! என்ன செய்றீங்க?” பதில் வராததால் அறைக்கு ஓடி மைக்கைப் பிடித்து, “உடனே கீழே இறங்குங்க!” என்றார். மைக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. தட்டிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். “ஹலோ, ஹலோ” என்றார். பிறகு மைக்கைப் போட்டுவிட்டு வெறுந்தொண்டையால் கத்தினார். இரண்டு டீச்சர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாராயண் வந்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். புகாரில் கண்ட கூச்சல் இதுதான்.

சேவுகப்பெருமாள் ஸ்பேனரால் கடைசி நட்டைத் திருகி, குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினார். மகளுக்காகப் பழகிய அந்த மெதுவான குரலில், தான் பேசுகிறோமா என்று தனக்கே தெரியாத குரலில், “உபயத்தைத் திருப்பி எடுத்துக்கறேன். எம் மக நாளைக்கு வருவா” என்றார்.

அன்றைக்கு இடைவேளைக்கு மணியடிக்கவில்லை. கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு டீச்சர் கதவைத் திறந்து, “போங்க” என்று சாதாரணமாகச் சொன்னார். பிள்ளைகள் போனார்கள். உலகம் அப்படியேதான் இருந்தது.

சாயந்திரம் காவல் நிலையத்தில், உதவி ஆய்வாளரின் மேசை மேல் குழாய் உட்கார்ந்திருந்தது. அவர் விளிம்பில் இருந்த சிவப்பு எழுத்தைப் படித்தார். “இது யார் பேரு?”

“எம் பேரு சார்.”

“குடுத்ததை எதுக்குய்யா எடுத்த?”

சேவுகப்பெருமாள் வாயைத் திறப்பதற்குள் சத்தியப்பிரியா முன்னால் வந்து, எதிர் நாற்காலியில் இருந்த நாராயணைக் கைகாட்டினார்.

“சார், ஒரே ஒரு தடவை. இவுக இந்தக் குழாய்க்குக் கீழ உக்காரட்டும். ரெண்டு கையையும் நான் புடிச்சுக்கிறேன். சைரனைப் போடுங்க. இவுக சும்மா உக்காந்திருந்தாகன்னா, நாங்க டி.சி.ய வாங்கிட்டுப் போயிர்றோம்.”

நாராயண் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“அதெல்லாம் வேணாம்மா. ஸ்டேஷன்ல மனுசங்க இருக்காங்க” என்றார் உதவி ஆய்வாளர்.

“பள்ளிக்கூடத்துலயும் மனுசங்கதான் சார் இருக்காக.”

கூட வந்திருந்த அஜீஸா அதற்குமேல் அதிகம் பேசவில்லை. “இந்தப் பிள்ளைக்கு வேண்டியதைச் செஞ்சு கொடுக்கணும்னு சட்டத்துல இருக்கு சார். வெளிய அனுப்பலாம்னுதான் இல்ல. புகார்ல கையெழுத்துப் போட்டவுக மேலயே நானும் ஒரு புகார் எழுதிக் கொடுக்கவா?” என்று மரியாதையாகக் கேட்டார். நாராயண் கடிகாரத்தைப் பார்த்தார். அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, டி.சி. பேச்சை விட்டுவிட்டுப் போனார்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று யாரும் காத்திருக்கவுமில்லை. இப்போது ஆயா ஒருவர் கைமணியோடு வகுப்பு வகுப்பாகப் போகிறார்; இரண்டாம் வகுப்பு வாசலில் மட்டும் மணியை அடிக்காமல் தலையை நீட்டி, “சௌபர்ணிகா, நேரமாச்சு” என்கிறார். காதுமூடிக்கும் அனுமதி கிடைத்தது, யூனிஃபார்ம் நிறத்தில் இருந்தால். தலைமையாசிரியைக்கு ஏதாவது ஒன்றில் ஜெயிக்க வேண்டியிருந்தது. சத்தியப்பிரியா கருநீலத்தில் வாங்கிக் கொடுத்தார். பிள்ளை சில நாள் சாயந்திரம் வரை இருக்கிறாள். சில நாள் முடியாமல் பாதியில் வந்துவிடுகிறாள். காது இன்னும் குத்தவில்லை. ஆண்டு விழாவுக்கு மைக் செட் வேண்டும் என்று சேவுகப்பெருமாளைத்தான் கூப்பிட்டார்கள். மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். இந்த முறை வாடகை வாங்கினார். நாராயண் மேடையில் நின்று அன்பைப் பற்றிப் பேசியபோது, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தார். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் அவருக்குத் தெரியவில்லை.

ஊரில் இந்தக் கதை பல விதமாக உலவுகிறது. பள்ளிக்கூடத்தை அடித்து நொறுக்கினார் என்கிறார்கள். தாளாளரை ஏணியால் துரத்தினார் என்கிறார்கள். கருப்பம்மாள் கேட்பவர்களிடம், தம்பிக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொல்கிறார். சேவுகப்பெருமாள் ஏணி வைத்து ஏறி, தான் கொடுத்த குழாயையும் சைரன் பெட்டியையும் தன் கையாலேயே கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்தார். மறுநாள் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்.